மருந்தும் மறைவும்: மனச்சிதைவுற்றாரைப் பேணும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்



மாதம் ஒரு முறை பழைய நோட்டுப் புத்தகத்தையும் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பகுதியில் வரிசையில் நிற்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளாமல் உடன்பிறந்தானுக்காகவே வாழ்ந்துவரும் அக்காள்மார்களே, அண்ணன்மார்களே, உங்கள் எல்லோரையும் முன்னிலைப்படுத்தி இம்மடலை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். என் இளைய சகோதரன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பருவத்தில் மனச்சிதைவு நோய்க்கு ஆளானான். அன்று முதல் அவனுடைய மாத்திரைப் பெட்டியோடு பழகிவருகிறவன் என்ற அளவே எனக்குள்ள யோக்கியதை. ஆகையால், எவருக்கு எந்த மருந்து எவ்வளவு என்ற விசாரத்தில் நான் தலையிடப் போவதில்லை. அது வைத்தியருக்கு உரியது. ஆனால் வைத்தியர் சீட்டில் எழுதுவதற்கும் நோயாளியின் வயிற்றுக்குள் போவதற்கும் இடையில் ஒரு வீடு இருக்கிறதே, அந்த வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

நோயாளிக்குத் தெரியாமல் மருந்தை உணவில் கலக்கும் தாயும், தாய்க்குத் தெரியாமல் மாத்திரையை நாவின் அடியில் ஒதுக்கிவைத்துக் கொல்லைப்புறத்தில் துப்பிவிடும் பிள்ளையும், வைத்தியருக்குத் தெரியாமல் மருந்தை நிறுத்திவிட்டு "ஒழுங்காகச் சாப்பிடுகிறான்" என்று சொல்லும் தகப்பனும், பக்க விளைவுகளைச் சொன்னால் நோயாளி மருந்தையே தொடமாட்டான் என்று கருதி அவற்றைச் சொல்லாமல் விடும் வைத்தியரும் ஆகிய இந்நால்வரில் ஒருவரும் கெட்ட எண்ணம் உடையவரல்லர். ஆயினும் நால்வரும் கூடிச் செய்யும் காரியத்தின் பலன், ஒரு மனிதனுடைய உடலுக்குள் எந்த ஔஷதம் எவ்வளவு இருக்கிறது என்பது உலகில் ஒருவருக்குமே தெரியாமல் போய்விடுவதுதான். இந்த மருந்துகளால் நேரும் அபாயங்களில் மருந்தின் குணத்தால் விளைவன ஒரு பங்கு என்றால், மறைவினால் விளைவன அதற்குக் குறையாத ஒரு பங்கு என்பது என் அபிப்பிராயம்.

"நரம்பு மாத்திரை", "மூளையை மழுங்கடிக்கிற மாத்திரை" என்றெல்லாம் இவற்றுக்குப் பெயரிட்டு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுவேன். சித்தப் பிரமைக்கு மருந்து என்பது மேல்நாட்டார் நம் தலையில் கட்டிய நூதனம் அன்று. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. அதை 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் உயர்ந்த ரத்த அழுத்தத்துக்கும் சித்தப் பிரமைக்கும் உபயோகப்படுத்தி, அதன் பலனைப் பிரசுரித்தார்கள். இருபது ஆண்டுகள் சென்று, 1952இல், பாரிஸ் நகரின் ஸேன்ட்-ஆன் ஆஸ்பத்திரியில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கேரும் குளோர்ப்ரோமஸின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோதுதான், கட்டிப்போடுவதைப் பெரிதும் நம்பியிருந்த மனநல விடுதிகளில் கட்டுகள் தளரத் தொடங்கின. அப்படியிருந்தும், அரை நூற்றாண்டு கழித்து, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்பொழுதில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த காரணத்தால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மருந்தை வேண்டாமென்று தள்ளுகிறவர்கள், அதன் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதை மறக்கலாகாது.

மருந்தின் பலத்துக்கும் ஓர் அளவு உண்டு. 65 பரிசோதனைகளைத் திரட்டி 2012இல் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியான கணக்கின்படி, ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100க்கு 27 பேர். மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 64 பேர். இக்கணக்கை இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் சிலருக்கு நோய் திரும்பத்தான் செய்கிறது. ஆகவே திரும்பியதும் திரும்பாததுமாய், "மாத்திரையைத் துப்பியிருப்பாய்" என்று அவன்மேல் பாய்வது அநியாயம். மருந்தின்றியே 36 பேர் அந்த ஓராண்டைக் கடந்தார்கள் என்பதும் மெய்தான். ஆனால் நம் பிள்ளை அந்த 36இல் ஒருவனா என்பதை முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்றுவரை எவரிடமும் இல்லை.

இனிச் சாப்பாட்டில் கலக்கும் வழக்கத்துக்கு வருகிறேன். நாம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதைவிட இது மிக அதிகமாகவே நடக்கிறது. நிறமற்ற சொட்டு மருந்தும், நாவில் பட்ட மாத்திரத்தில் கரைந்துபோகும் மாத்திரையும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் வீடுகளில் அவை வேறு பிரயோஜனத்துக்கு வந்துவிட்டன. எங்கள் தெருவில் ஓர் அம்மையார், தம் மகனுடைய காலைக் காபியில் ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தைக் கலந்து வந்தார். மகனும் சந்தேகமின்றிக் குடித்துவந்தான், கூச்சலும் குறைந்திருந்தது. ஒருநாள் ஊரிலிருந்து வந்திருந்த அம்மையாரின் தமையனார், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற முதியவர், மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்த அந்த டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டார். சிறிது நேரத்தில் கட்டிலிலிருந்து எழுந்தவர், தலை சுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு வைத்தியர் "ஏன் விழுந்தார்?" என்று கேட்டபோது, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த மகனின் காதில் விழாமல் அதை எப்படிச் சொல்வது என்று அந்த அம்மையார் தவித்த தவிப்பை நான் பார்த்தேன், அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அளவு தவறுதல் ஒருபுறம் இருக்கட்டும். மகன் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போனால் பாதி மருந்து, டீக்கடையில் குடித்துவிட்டு வந்தால் மருந்தே இல்லை. கலக்கும் பொருளிலும் விஷயம் இருக்கிறது. அந்தச் சொட்டு மருந்தைத் தண்ணீரிலோ காபியிலோ சேர்க்கலாம், தேநீரிலும் கோலா பானங்களிலும் சேர்க்கலாகாது என்று தயாரித்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ரசத்தைப் பற்றியும் மோரைப் பற்றியும் அந்தக் குறிப்பு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் பெரிய தீங்கு வேறு. "அம்மா என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள்" என்பது இந்நோயில் தோன்றும் சந்தேகங்களில் மிகச் சாதாரணமான ஒன்று. அது பிரமை என்று ஊரெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில், அடுக்களைக்குள் அதை நிஜமாக்கிக்கொண்டிருக்கிறோம். என்றேனும் ஒருநாள் அவன் அந்தச் சிறு புட்டியைக் கண்டுபிடித்துவிட்டால், அன்றைக்கு அவன் பைத்தியக்காரன் அல்லன், நாம்தான் பொய்யர்கள். பிறகு சோற்றை நம்பமாட்டான், வைத்தியரை நம்பமாட்டான், உண்மையாகவே விருப்பத்தோடு மருந்து சாப்பிட்டிருக்கக்கூடிய வருஷங்களும் அந்த ஒரு நாளோடு போய்விடும். தான் மருந்து சாப்பிடுவதையே அறியாதவனுக்கு, தன் கை நடுங்குவதையும் உடல் பருப்பதையும் மருந்தோடு சேர்த்துப் பார்த்து முறையிடுவதற்கும் வழியில்லை.

"அப்படியானால் நோயே இல்லை என்கிறவனை, அரிவாளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். அந்தச் சமயத்தில் தனியே சாமர்த்தியம் பண்ணுவது வீட்டாரின் வேலை அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்ததோடு நின்றுவிடவில்லை. உயிருக்கு அபாயம் நேரும் நிலையில் 72 மணி நேரம்வரை அவசர சிகிச்சை அளிக்கவும், தானே முடிவு செய்ய இயலாத நிலையில் இருப்பவரை அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில், இரு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்த பிறகு 30 நாள்வரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளவும் அது வழி வகுத்திருக்கிறது. அந்த வழி கசப்பானதுதான், ஆனாலும் வெளிச்சத்தில் நடப்பது. எதற்காகச் சேர்த்தோம் என்று பின்னால் அவனிடம் சொல்லலாம். எவரை அணுகுவது என்று தெரியாமல் நள்ளிரவில் திகைப்பவர்கள் 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி-மானஸ் சேவையை அழைத்துக் கேட்கலாம்.

மறைவின்றி நடத்துவதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. குடும்பத்தாரை வாசலில் நிறுத்திவிட்டு நோயாளியை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்வதே ஆஸ்பத்திரிகளின் வழக்கமாயிருந்த 1950களில், அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியின் வித்யாசாகர் என்னும் வைத்தியர், மைதானத்தில் கூடாரங்கள் அடித்து உறவினரையும் நோயாளியோடு தங்கச் செய்தார். அதே காலத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதையே முறையாகக் கொண்டது. இடப் பற்றாக்குறையால் பிறந்த யோசனை என்று சிலர் சொல்லக்கூடும். எப்படிப் பிறந்தாலென்ன, மருந்தைக் கொடுப்பவர், வாங்குபவர், விழுங்குபவர் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

இனிப் பிள்ளை செய்யும் மறைவு. மாத்திரையைச் சுவாமி படத்தின் பின்னாலும் தலையணை உறைக்குள்ளும் ஒளித்துவைப்பவனைத் திருடனைப் பிடிப்பதுபோல் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்ப்பதைவிட, ஏன் ஒளிக்கிறாய் என்று ஒருதரம் கேட்பது மேலானது. என் சகோதரன் மருந்து மாற்றிய சில தினங்களில் ஒரு நிமிஷமும் உட்காரமாட்டாமல், திண்ணைக்கும் கொல்லைக்குமாக இரவெல்லாம் நடக்க ஆரம்பித்தான். நோய் முற்றிவிட்டது என்று தீர்மானித்த எங்கள் தகப்பனார், அளவைக் கூட்டச் சொல்லியே அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த இளம் வைத்தியர் எங்களை விட்டுவிட்டு அவனையே பார்த்து, "உள்ளே என்னப்பா பண்ணுது?" என்று கேட்டார். "காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சார், நின்னா தாங்கல" என்றான். அது நோயன்று, மருந்தே உண்டாக்கும் ஒரு விதமான தவிப்பு. அளவைக் கூட்டினால் அதுவும் கூடும். வைத்தியர் அளவைக் குறைத்து, வேறு ஒரு மாத்திரையும் சேர்த்தார். அந்த வாரத்திலேயே அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். எங்கள் வீட்டில் அத்தனை பேர் இருந்தோம். அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இம்மருந்துகளின் உபத்திரவங்களை வீட்டார் அறிந்திருப்பது, பயப்படுவதற்காக அன்று, அடையாளம் கண்டுகொள்வதற்காக. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில், முக்கியமாக ஊசி போட்ட முதல் சில நாள்களில், கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதும் கண்மணிகள் மேலே செருகி நிற்பதும் உண்டு. பார்ப்பவர்கள் பேய் பிடித்ததாக நினைத்து விபூதி பூசுவார்கள். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் அது நீங்கிவிடும். கைநடுக்கத்துக்காகக் கூடவே எழுதப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை, வாய் உலர்வதையும் மலச்சிக்கலையும் மறதியையும் தரக்கூடியது. ஒருமுறை எழுதிவிட்டதனாலேயே ஆயுள் முழுவதும் தொடர வேண்டியதா என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை. உதட்டைச் சப்பிக்கொண்டும் நாக்கைத் துழாவிக்கொண்டும் இருக்கும் பழக்கம் வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட்டவரிடம் மெல்ல மெல்லத் தோன்றுவது. நாளடைவில் நிலைத்துவிடக்கூடியதாகையால் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஓலன்ஸபினும் குளோஸபினும் பசியைக் கிளப்பி உடலைப் பருக்கச் செய்து, சர்க்கரை வியாதிக்கும் இடம் கொடுப்பவை. ஆகவே எடையையும் இடுப்புச் சுற்றையும் ரத்தத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் குறித்து வருவது மருந்து சாப்பிடுவதன் ஒரு பகுதியேயன்றி உபரி அன்று. ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும், பிள்ளை பெறாமலே பால் சுரப்பதும் உண்டு. கூச்சத்தால் தாயிடம்கூடச் சொல்லாமல் மருந்தை மட்டும் நிறுத்திவிடுகிற பெண்கள் பலர். ஆண்களுக்கும் தாம்பத்திய விஷயத்தில் குறை நேர்வதுண்டு. அதைத் தகப்பனை அருகில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் வைத்தியரிடம் சொல்லமாட்டான். ஒவ்வொரு முறையும் சில நிமிஷங்கள் அவனை வைத்தியரோடு தனியே விட்டுவிட்டு வெளியே வந்து நிற்க நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாதவை இரண்டு மூன்று உண்டு. கடும் ஜுரமும், உடம்பு மரக்கட்டைபோல் விறைப்பதும், வியர்வையும், புத்தித் தடுமாற்றமும் ஒருங்கே காணப்பட்டால், மருந்தை அந்த வேளையே நிறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அபூர்வமானதாயினும் உயிரைக் கொள்ளக்கூடிய நிலை அது. போகும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள். சாதாரண விஷக் காய்ச்சல் என்று கருதி வேறு திசையில் சிகிச்சை போய்விடுவதற்கு இடமுண்டு.

குளோஸபின் சாப்பிடுகிறவருக்கு ஜுரமோ தொண்டை வலியோ கண்டால் அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்த்தாக வேண்டும். 1975இல் பின்லாந்து தேசத்தில் வெள்ளணுக்கள் அற்றுப்போய் 8 பேர் இறந்ததனால் பல நாடுகளில் ஒதுக்கப்பட்ட மருந்து அது. வேறெந்த மருந்துக்கும் வசப்படாதவர்களில் பலர் அதற்கு வசப்பட்டார்கள் என்பது 1988இல் ருசுவான பின்னரே, ரத்தப் பரிசோதனை என்ற காவலோடு திரும்ப வழக்கத்துக்கு வந்தது. முதல் 18 வாரங்கள் வாரந்தோறும், பிறகு இடைவெளி விட்டு, என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் முறை. "நன்றாகத்தானே இருக்கிறான், இந்த மாதம் ரத்தம் வேண்டாம்" என்று சொல்கிற வீட்டார் அந்தச் சரித்திரத்தை அறியாதவர்கள். அதே மருந்தில் இன்னும் இரண்டு விசேஷங்கள். இரண்டு நாளுக்குமேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக்கூடாது. சிறிய அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும், ஆகையால் வைத்தியரைக் கேட்காமல் ஒன்றும் செய்யலாகாது. மலச்சிக்கலை அற்பமென்று விட்டுவிடவும் கூடாது. குடல் அசைவற்றுப்போய் உயிரிழந்தவர்கள் உண்டு. பீடி, சிகரெட் விஷயமும் ஆச்சரியமானது. புகையிலைப் புகை, குளோஸபினையும் ஓலன்ஸபினையும் உடல் விரைவாகச் செலவழிக்கும்படி செய்கிறது. ஆகவே ஒருவன் பீடியைத் திடீரென்று விட்டுவிட்டால் அதே அளவு மாத்திரை அவனுக்கு அதிகமாகிவிடும். புகையை விடுவது நல்லதுதான்; வைத்தியரிடம் சொல்லிவிட்டு விடுவது அதைவிட நல்லது.

வீட்டு வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அறிவீர்கள். மாத்திரையை அட்டையோடு வைத்திருப்பது, ஒரே வேளையில் கொடுப்பது, மறந்துபோன வேளைக்காக மறுவேளை இரட்டிப்பாகக் கொடுக்காதிருப்பது, சாகும் எண்ணம் தலைகாட்டும் காலத்தில் ஒரு வாரத்துக்குமேல் கைக்கெட்டும்படி வைக்காதிருப்பது, இவை தெரிந்த விஷயங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு மாதம் கம்பெனி மாறுவதால் நேற்று வெள்ளையாயிருந்த மாத்திரை இன்று மஞ்சளாக இருக்கும். சந்தேகம் மிகுந்தவனுடைய கையில் அதை ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு, ஏன் மறுக்கிறான் என்று வியப்பது நம் பிழை. அட்டையில் அச்சிட்டுள்ள மருந்தின் பெயரைப் பழைய அட்டையோடு பக்கத்தில் பிடித்து, அவனையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அக்கினி நட்சத்திர வெயிலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: இம்மருந்துகள் உடம்பின் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் சக்தியைக் குறைக்கக் கூடியவை, நண்பகலில் வயலுக்கோ கட்டட வேலைக்கோ போகிறவருக்குத் தண்ணீரும் நிழலும் சாதாரண மனிதரைவிட அதிகமாக வேண்டும். ரமலான் நோன்பிருப்பவர்களும் விரதமிருப்பவர்களும் நோன்பு நாள்கள் தொடங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி வேளையை மாற்றிக்கொள்வது உத்தமம்.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை விட முடியாது. "ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்தி, சீட்டுகளைக் கிழித்தெறிந்து, ஒன்றுமறியாத ஒரு பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நோயுற்றவள் பெண்ணாயிருந்தால் கதை இன்னும் கொடிது. புகுந்த வீட்டில் எவர் கண்ணிலும் படாமல் மாத்திரை சாப்பிட ஒரு மூலை கிடைக்காமல், அவளே நிறுத்திவிடுகிறாள். மருந்தை நிறுத்தியதும் நோய் மறுநாளே வருவதில்லை என்பதே இதிலுள்ள மாயம். வாரங்கள் போகும், சில சமயம் மாதங்களும் போகும். மயக்கமும் பருமனும் குறைந்து முகம் தெளிந்துகூடக் காணப்படும். "பார்த்தீர்களா, மருந்தே தேவையில்லை" என்று எல்லோரும் மகிழ்ந்திருக்கையில், ஒருநாள் தூக்கம் கெடும். அப்போது, மருந்தை நிறுத்தியதால் வந்தது என்பது எவருக்கும் தோன்றாது; வந்த பெண்ணின் ஜாதகத்தின்மேல் பழி விழும். மருந்து குறைக்கத் தக்கதுதான் என்று வைத்தியரே கருதும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போதும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து, தூக்கத்தையும் பேச்சையும் கவனித்துக்கொண்டே போவதுதான் முறை. கர்ப்பமுற்றதும் பயந்து சட்டென்று நிறுத்துவதும் அவ்வாறே ஆபத்தானது. கர்ப்பம் தரிக்க விரும்புகிறோம் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டால், எதைத் தொடரலாம் எதை மாற்றலாம் என்று வைத்தியர் யோசிக்க அவகாசம் கிடைக்கும். முக்கியமாக, சேர்த்துக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட் மருந்து சிசுவின் அங்கங்களைப் பாதிக்கக்கூடியது.

லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்து, வீட்டாரின் ஓயாத குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய கவலையும் இருக்கும் இடத்தில் நோய் விரைவாகத் திரும்புகிறது என்று கண்டார்கள். அதை நம்மேல் சுமத்தப்பட்ட குற்றமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நம் வீடுகளில் ஒரு வார்த்தை உண்டு. அவன் சோறு குழைந்துவிட்டது என்று கோபித்தாலும், தம்பி கேலி செய்தான் என்று முறையிட்டாலும், சொத்தில் தன் பங்கு என்னவாயிற்று என்று நியாயமாகவே கேட்டாலும், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "மாத்திரை போட்டியா?" நோயில்லாத நம்மில் எவருடைய கோபத்துக்கேனும் இப்படி ஒரு பதில் சொல்லிப் பாருங்கள். மருந்தை வாயடைக்கும் கருவியாக உபயோகித்துவிட்டு, அதை அவன் விரும்பிச் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

கடைசியாக, இரவில் நம்மை உறங்கவிடாத அந்தக் கேள்வி: நமக்குப் பின் யார்? சொத்தையும் வீட்டையும் பற்றி யோசிக்கும் நாம், மருந்தைப் பற்றிய ஞானம் நம் தலைக்குள் மட்டுமே இருக்கிறது என்பதை யோசிப்பதில்லை. எந்த மருந்து எந்த வருஷம் எவ்வளவு கொடுக்கப்பட்டது, எது பலித்தது, எது கழுத்தை இழுத்தது, நோய் திரும்புமுன் முதலில் தோன்றும் குறி என்ன என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிவைப்பது, நிலப் பத்திரத்துக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. அவனையும் அருகில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுங்கள். நமக்கு நினைவில்லாதவை அவனுக்கு நினைவிருக்கும். 2017ஆம் ஆண்டுச் சட்டம், தெளிவாயிருக்கும் காலத்தில் அவனே தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கவும் உரிமை கொடுத்திருக்கிறது. பிரதிநிதி நியமனத்துக்கு வெள்ளைத் தாளும் அவன் கையெழுத்து அல்லது கைநாட்டும் போதும்.

நான் தாளை நீட்டியபோது, என் பெயரைத்தான் எழுதுவான் என்று எண்ணியிருந்தேன். என் சகோதரன் சற்று யோசித்துவிட்டு எங்கள் தங்கையின் மகள் பெயரை எழுதினான். காரணம் கேட்டதற்கு, "உனக்கு என்னைவிட ஏழு வயசு ஜாஸ்தி" என்றான். மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய் வைத்தியருக்கு அறிமுகம் செய்துவைத்தோம். நோட்டின் பிரதி ஒன்று இப்போது அவளிடமும் இருக்கிறது.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்